இரும்பு வைத்த ஷூ

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கை போகும், வாய் அதற்குப் பிறகுதான் போகும். கல்யாணமான புதிதில் என் கணவர் இதைச் சொல்லிச் சிரிப்பார். இப்போது சிரிப்பதில்லை. ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிப்பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் லைனுக்கு நான்தான் லீடர். லைனில் ஆணும் பெண்ணுமாக எல்லோருக்கும் என்னைக் கண்டால் கொஞ்சம் பயம். அந்தப் பயம் இருக்கட்டும் என்றே நான் விட்டுவைத்திருந்தேன்.

பிரஸ் என்பது தகட்டை அச்சில் வைத்து மேலிருந்து ஒரே அடியில் வடிவம் எடுக்கிற மிஷின். அடி இறங்கும்போது உள்ளே விரல் இருந்தால் விரல் கிடையாது, அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு மிஷினிலும் இரண்டு பக்கமும் இரண்டு பட்டன் வைத்திருப்பார்கள். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் அடி இறங்கும். ஷிப்டு தொடங்கும்போது எல்லோரும் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுவோம். மோதிரம் இருக்கிறதா, வளையல் இருக்கிறதா என்று நான் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போவேன். பிறகு உறுதிமொழி. என் விரல்கள் என் வீட்டுச் சோறு, அவற்றைக் காப்பேன், பக்கத்தில் நிற்பவரின் விரல்களையும் காப்பேன். நான் சத்தமாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வேகமாக வேலை முடிக்க வேண்டும் என்று ஒரு பட்டனை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டாள். ஒரு கையால் அமுக்கினாலே அடி இறங்குகிற மாதிரி. பார்த்ததும் ஓங்கி ஒரு அறை விட்டேன். அவள் அலுவலகத்தில் போய் அழுதாள், எனக்கு மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். அறைந்ததற்காக நான் வருத்தப்படவே இல்லை. விரல் போனால் வருமா என்று அந்த மெமோ கொடுத்தவரிடமே கேட்டேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

எங்கள் ஊர் டெல்டாவின் கடைக்கோடியில் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் மண்பாதை, ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாற்பது வீடு. அதுதான் கடைசித் தெரு. அதற்கு அப்பால் வயல், அதற்கு அப்பால் கடல். அந்தத் தெருவில்தான் என் அக்கா இருந்தாள், இரண்டு பிள்ளைகளோடு. அவள் புருஷன் கேரளாவில் கட்டட வேலை. அம்மா போனபிறகு எனக்கு மிச்சம் இருந்தவள் அக்கா ஒருத்திதான்.

புயல் அடித்த அன்று ஓசூரில் நல்ல குளிர், வேறொன்றும் இல்லை. நாங்கள் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். தென்னை மரங்கள் நடுவில் முறிந்து முறிந்து விழுந்தன. ஓடுகள் சீட்டுக் கட்டைக் கலைத்துவிட்ட மாதிரி பறந்தன. ஒரு மாடு மின்கம்பத்தின் அடியில் செத்துக் கிடந்தது. அக்காவின் நம்பரை அடித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நாள் மணியே போகவில்லை. அந்த இரண்டு நாளில் நான் வீட்டில் உடைத்தவை ஒரு டம்ளர், ஒரு குடம், என் மகளின் பென்சில் டப்பா.

மூன்றாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அக்காவின் எதிர்வீட்டுக்காரி. அக்கா அவரை அண்ணி என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கும் அண்ணிதான். எங்கோ வேறு ஊரிலிருந்து வாழ வந்தவர், நான் ஓசூருக்கு வந்தபிறகு. ஒரு திருவிழாவில் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதோடு சரி, முகம் சரியாக நினைவில் இல்லை. குரல் மட்டும் கரகரவென்று இருந்தது. யாரோ ஒருவரின் டிராக்டர் பேட்டரியில் போனுக்குச் சார்ஜ் ஏற்றியதாகச் சொன்னார். அக்கா வீட்டுக் கூரை மொத்தமாகப் போய்விட்டது, சுவர் சாய்ந்து அக்காவின் கால்மேல் விழுந்திருக்கிறது, நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார், மரங்கள் விழுந்து பாதை அடைத்துக் கிடப்பதால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக முடியவில்லை. கட்டிலில் போட்டு மேலே ஒரு கிழிந்த சாக்கைப் பிடித்திருக்கிறார்கள். இவ்வளவையும் அவர் அழாமல் சொன்னார். நான்தான் இந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தேன்.

"சோறுகூடக் கேக்கல தங்கச்சி. அடுத்த வாரம் மறுபடி மழைங்குறாங்க. மேல போத்துறதுக்கு ஏதாச்சும் கொண்டாங்க. நாப்பது வீட்டுக்கும் வானந்தான் கூரை" என்றார்.

கொண்டுவருகிறேன் என்றேன். எப்போது என்று சொல்வதற்குள் போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் கேன்டீனில் கை கழுவுகிற இடத்தில் நின்று, ஊருக்கு ஒரு லாரி பிடித்துப் போக வேண்டும், ஆளுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் லைனில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். இடது கையில் இரண்டு விரல் பாதியோடு நிற்கும். எங்கள் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் ஒரு சின்ன ஷெட்டில் பிரஸ் ஓட்டும்போது போனது. அவர் தட்டைக் கழுவிக்கொண்டே, போன வருஷம் எங்கள் ஊரில் யானைகள் இறங்கி ராகிக் காட்டையெல்லாம் மிதித்து, ஒரு ஆளையும் மிதித்துப் போட்டதே, அப்போது டெல்டாவிலிருந்து எவன் லாரி கொண்டுவந்தான் என்று கேட்டார். தமாஷாகத்தான் கேட்டாரோ என்னவோ. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினேன். பித்தான் இரண்டு தெறித்து விழுந்தன. நான்கு பேர் சேர்ந்து என்னைப் பிரித்தார்கள். அவர் குனிந்து பித்தான்களைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அவரே என்னிடம் வந்தார். "கோவத்த அப்பறமா வெச்சுக்கலாம் மேடம். எங்கூர் பக்கத்துல ரோஜாத் தோட்டத்துல பாலிஹவுஸ் கூரைக்குப் போட்ட பிளாஸ்டிக் சீட்டு மாத்துறாங்க. பழசு இன்னும் கெட்டியாத்தான் இருக்குது. நம்மளே மேல ஏறிக் கழட்டுனா சும்மாவே குடுத்துடுவாங்க. மச்சான் லாரி ஒண்ணு இருக்குது, நானே ஓட்டறன்" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவர் சட்டையில் வேறு நிறத்தில் இரண்டு பித்தான் இருந்தன. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். இரும்புக் குழாய்களின்மேல் ஏறி, கிளிப்புகளை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, ஒவ்வொரு பட்டையாக அந்தத் தடித்த பிளாஸ்டிக்கை உரித்தோம். கீழே ரோஜாச் செடிகள், முள். விழுந்தால் முள்மேல்தான் விழ வேண்டும். என் கை இரண்டிலும் கீறல். பிறகு எங்கள் வாடகை வீட்டு மாடியில் விரித்துப்போட்டு, வீட்டுக்கு ஒன்றாக நாற்பது துண்டு வெட்டி மடித்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கோர்த்தோம். வீட்டுக்கார அம்மா தன் பங்காக ஒரு மூட்டை ராகி மாவு கொடுத்தார். எங்கள் ஊரில் ராகி யார் தின்பார்கள் என்று பெயின்ட் ஷாப்பில் வேலை செய்யும் எங்கள் ஜில்லாக்காரர் சிரித்தார். அந்தப் பெயின்ட் ஷாப்காரரும் எங்களோடு வருவதாக இருந்தார். பசித்தால் தின்பார்கள் ஏறுங்கள் என்று அவர் முதுகில் ஒன்று வைத்தேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

மெயின் ரோட்டிலேயே லாரிகளை மறித்துப் பிடுங்குகிறார்கள் என்று எல்லோருக்கும் வீடியோ வந்துகொண்டிருந்தது. உள்கிராமங்களுக்கு ஒன்றும் போவதே இல்லை என்றார்கள். நான் ஒரு ஏற்பாடு செய்தேன். லாரியில் ஊர்ப் பெயர் போட்ட பேனர் கூடாது. சீட்டுகள் அடியில், அவற்றின்மேல் காலித் தக்காளிக் கிரேட்டுகள். நாங்கள் மூன்று பேரும் கம்பெனி யூனிபார்ம், மஞ்சள் ஹெல்மெட், முகத்துக்கு மாஸ்க், காலில் சேஃப்டி ஷூ. அந்த ஷூவின் முன்பக்கம் உள்ளே வளைந்த இரும்புத் தகடு வைத்திருக்கும், மேலே பாரம் விழுந்தாலும் கால்விரல் நசுங்காது. ஓசூரில் யூனிபார்ம் போட்டுப் போனால் ஒருவன் தொட மாட்டான். செக்போஸ்டில் கையசைத்து அனுப்பிவிடுவான், பஸ்ஸில் குடிகாரன்கூட ஒதுங்கி உட்காருவான். பதினோரு வருஷம் அதைப் போட்டுப் போட்டு, ஊர் உலகம் முழுக்க அதற்கு மரியாதை என்றே நான் நினைத்துவிட்டேன்.

டிரைவராக வந்த தேன்கனிக்கோட்டைக்காரர், இந்த வேஷமெல்லாம் வேண்டாம் என்றார். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போகும்போது முகம் தெரியப் போக வேண்டும், யானைகூட ஆளைத் தெரிந்தால்தான் ஒதுங்கும் என்றார். உங்கள் யானைக் கதையைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று கத்தினேன். லீடர் நான்தானே. மூவரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

திருச்சி தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. தஞ்சாவூர் தாண்டி விடிந்தபோதுதான் பார்த்தேன். ஒரு தென்னை நிற்கவில்லை. எல்லாம் ஒரே திசையில் தலை சாய்த்துக் கிடந்தன. ஓடு இல்லாத வீடுகளுக்குள் அடுப்பும் கட்டிலும் வெளியே தெரிந்தன. சீக்கிரம், சீக்கிரம் என்று டிரைவரை விரட்டினேன். வானம் ஏற்கெனவே கறுத்துக்கொண்டிருந்தது.

முதல் மறியலில் இருபது ஆண்கள் இருந்தார்கள். ரோட்டில் குறுக்கே தென்னைமரம், கையில் அரிவாள். மரம் வெட்டுகிற அரிவாள்தான், ஆனால் அரிவாள் அரிவாள்தானே. அவர்கள் எங்கள் யூனிபார்மைப் பார்த்ததும்தான் கொதித்தார்கள். இந்த மாதிரித் தொப்பியும் பூட்சும் போட்டவர்கள் மூன்று முறை வந்து, போட்டோ எடுத்து, அளந்து எழுதிக்கொண்டு போனார்களாம். ஒரு குடம் தண்ணீர்கூட அதற்குப் பிறகு வரவில்லையாம். எந்த ஆபீஸ் என்று கேட்டு, டிரைவர் வாயைத் திறப்பதற்குள் கன்னத்தில் அறைந்தார்கள். அவர் உதடு கிழிந்தது. பக்கக் கண்ணாடியை அரிவாள் பிடியால் உடைத்தார்கள். ராகி மூட்டையையும், நாங்கள் வழியில் வாங்கிய அரிசியையும் இறக்கிக்கொண்டு மரத்தை நகர்த்தினார்கள். கிரேட்டுக்கு அடியில் பார்க்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள்மேல் கோபம், டிரைவர் அடி வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார் என்று அவர்மேல் கோபம். அடுத்து எவன் கை வைத்தாலும் விட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு, வண்டிக்குள்ளிருந்து எழுந்து பின்பக்கம் சரக்கின்மேல் ஏறி உட்கார்ந்தேன்.

எங்கள் ஊருக்குத் திரும்புகிற மண்பாதை முனையில் இரண்டாவது கூட்டம் நின்றது. இந்தமுறை பெரும்பாலும் பெண்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார்கள், முகமே தெரியவில்லை. லாரி திரும்புவதற்காக மெதுவானதும் நான்கு பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ கல் எறிந்தார்கள். கல் பெயின்ட் ஷாப்காரரின் ஹெல்மெட்டில் பட்டுச் சத்தம் போட்டது, இன்னொன்று அவர் தோளில் பட்டது. ஒருத்தி கதவைத் திறந்து டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. கிரேட்டுகள் சரிந்து கீழே விழுந்தன. அடியிலிருந்த சீட்டு தெரிந்துவிட்டது.

அதைப் பார்த்ததும் பக்கப் பலகையைப் பிடித்து ஏறத் தொடங்கினார்கள்.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இந்த நாற்பது சீட்டும் இங்கேயே போய்விட்டால் என் அக்கா மழையில் கிடப்பாள். பலகையின் மேல் விளிம்பில் விரல்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. கறுத்த, மெலிந்த, நகத்தில் சேறு ஏறிய விரல்கள். ஆளைக் காணோம், விரல்கள்தான். நான் அவற்றின்மேல் மிதித்தேன். குதிகாலால் அல்ல, இரும்பு வைத்த முன்பக்கத்தால். ஒரு கை விட்டது. அடுத்ததை மிதித்தேன். அதுவும் விட்டது. மூன்றாவது கை விடவில்லை. பிடி தளரவே இல்லை. நான் கேபின் கூரையைப் பிடித்துக்கொண்டு என் முழு எடையையும் அந்த ஷூவில் வைத்து நின்றேன். ஏதோ காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி என் காலுக்கடியில் தெரிந்தது. அப்புறம்தான் அந்தக் கை விட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டிரைவர் எப்படியோ கதவை மூடிக்கொண்டு, பின்பக்கக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்திருக்கிறார். "மேடம், அது வெரலு மேடம்" என்று கத்தினார். அவருடைய அந்தக் குறைந்த கையைக் கண்ணாடியில் வைத்துத் தட்டித் தட்டிக் கத்தினார். வண்டியை எடுய்யா என்று நானும் கத்தினேன். அவர் எடுத்தார். பின்னால் யாரோ சேற்றில் விழுந்து கிடப்பதையும், மற்றவர்கள் அந்த ஆளைச் சுற்றிக் குனிவதையும் பார்த்தேன். திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வாய்க்கால் மதகு உடைந்துபோயிருந்ததால் லாரி ஏரிக்கரையைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் இறங்கி மரத்தை இழுத்துப் போட்டோம். தெருவுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகிவிட்டது. தெருவில் ஆளே இல்லை. கிழவர்கள் சிலர், சின்னப் பிள்ளைகள், நாய்கள். ஆண்களெல்லாம் பெரிய தோப்புகளில் விழுந்த மரம் அறுக்கக் கூலிக்குப் போயிருந்தார்கள்.

அக்கா கட்டிலில் கிடந்தாள். கால் முழங்காலுக்குக் கீழே உரல் மாதிரி வீங்கியிருந்தது. ஹெல்மெட்டையும் மாஸ்க்கையும் கழற்றி எறிந்துவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள், பிள்ளைகளும் அழுதன. பிறகு அவள், தெருப் பெண்களெல்லாம் விடியற்காலையிலேயே மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார்கள் என்றாள். இத்தனை நாளாக ஒரு லாரிகூட உள்ளே வரவில்லையாம். வழியிலேயே மற்ற ஊர்க்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்களாம். அதனால் நாமே போய்ப் பாதை முனையில் நின்று மறித்தால்தான் உண்டு என்று கிளம்பிப் போனார்களாம். நான் வருகிற விஷயம் அண்ணிக்குத் தெரியும், ஆனால் என்றைக்கு, எப்போது என்று சொல்ல அவர் போனில் சார்ஜ் இல்லை.

"எதுத்த வீட்டு அண்ணிதான் முன்னால நின்னுச்சு. எனக்கும் சேத்து ஒண்ணு புடுச்சாந்துடுறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு" என்றாள் அக்கா.

கேட்டேன். கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. உறைக்கக் கூடாது என்று ஏதோ ஒன்று தடுத்திருக்க வேண்டும்.

பெண்கள் வாய்க்கால் கரை வழியாக ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நனைந்த சாக்கு தலையில். தெருவில் லாரி நிற்பதைப் பார்த்ததும் நின்றார்கள். அதே லாரி, அதே உடைந்த கண்ணாடி. அக்காவின் பெரிய மகள் ஓடிப்போய், எங்கள் சித்தி வந்திருக்கிறாள், எல்லோருக்கும் சீட்டு கொண்டுவந்திருக்கிறாள் என்று கத்தினாள். அவர்கள் மெதுவாக வந்தார்கள்.

வானம் இறங்கிவிட்டது. எனக்குப் பதற்றம். லாரியின் பின்பக்கம் நின்றுகொண்டு வீட்டுக்கு ஒன்று, வரிசையாக வாருங்கள் என்று ஷிப்டு தொடக்கத்தில் சத்தம் போடுகிற மாதிரியே சத்தம் போட்டேன். வந்தார்கள், வாங்கினார்கள். ஒருத்தி வந்து இடது கையை நீட்டினாள்.

எங்கள் பக்கத்தில் இடது கையால் யாரும் ஒன்றை வாங்க மாட்டார்கள். கொடுக்கவும் மாட்டார்கள். அது கொடுப்பவரை அவமதிப்பது. ஓசூரிலிருந்து இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்திருக்கிறேன், ஒருத்தி நொட்டாங்கையை நீட்டுகிறாள். எனக்கு அந்த நேரத்திலும் சுள்ளென்று வந்தது. சோத்துக் கையை நீட்டு என்றேன். அப்படித்தான் சொன்னேன், ஒருமையில்.

அவர் வலது கையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்தார். முந்தானையையே கிழித்துச் சுற்றியிருந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வீங்கிக் கறுத்து, இருக்க வேண்டிய திசையில் இல்லாமல் இருந்தன.

"அந்தக் கை வரல தங்கச்சி" என்றார்.

கரகரப்பான குரல். போனில் கேட்ட குரல்.

கையிலிருந்த சீட்டு நழுவிச் சேற்றில் விழுந்தது. அவர் குனிந்து இடது கையாலேயே எடுத்துக்கொண்டார். நான் என்று தெரிந்ததா என்று எப்படிக் கேட்பது? அவரே சொன்னார். "தொப்பியும் துணியும் போட்டிருந்தீய. ஆபீசு ஆளுன்னு நெனச்சேன். பூட்சு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு. ஒங்க அக்காவுக்கு ஒண்ணு புடுச்சிடணும்னுதான் கைய விடல."

நான் அடித்துக்கொண்டு அழுதேன். தலையிலும் மாரிலும் அடித்துக்கொண்டேன், அவர் காலில் விழப் போனேன். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. டிரைவர்தான் என்னைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, தக்காளிக் கிரேட்டை உடைத்து இரண்டு பிளாஸ்டிக் பட்டை எடுத்து, அந்த இரண்டு விரலையும் சேர்த்துக் கட்டினார். அவருடைய பாதி விரல்களால் அவ்வளவு பதமாகக் கட்டினார். என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வண்டியில் ஏறுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் அக்கா வீட்டுக்குமேல் போடுங்கள், பிறகு என் வீடு, அப்புறம் பார்க்கலாம் என்றார். நான் சுவரில் ஏறினேன். அவர் கீழே நின்று கயிற்றை இடது கையால் இழுத்து, மிச்சத்தைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டார். நான் முடிச்சுப் போட்டேன். முடிச்சு நிற்கவே இல்லை. மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். கடைசி மூலையைக் கட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. பாலிஹவுஸ் சீட்டின்மேல் விழுந்த மழை பறை அடிப்பது மாதிரி சத்தம் போட்டது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

மழை கொஞ்சம் விட்டதும், அக்காவைக் கட்டிலோடு லாரியில் தூக்கி வைத்து, அண்ணியையும் பக்கத்தில் உட்கார்த்தி, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். வழி நெடுக அக்காவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அண்ணிதான். அக்காவிடம் நான் செய்ததைச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கண்ணால் காட்டினார். அக்காவுக்கு அது இன்றுவரை தெரியாது. சீட்டு வாங்கும்போது லாரிக் கதவில் நசுங்கியது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை.

அக்காவின் கால் கூடிவிட்டது. அண்ணியின் விரல்கள் கூடின, ஆனால் மடங்கவில்லை. நாற்று நடுகிறவர்களுக்குக் கட்டைவிரலும் அந்த இரண்டு விரலும்தான் வேலை செய்யும். மூன்றையும் சேர்த்து நாற்றின் வேரைப் பிடித்துச் சேற்றில் அழுத்த வேண்டும். நான் ஓசூரிலிருந்து மாதாமாதம் ஏதாவது அனுப்பினேன். அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, உங்கள் அக்கா பிள்ளைகளுக்குச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். இப்போது இடது கையால் நடுகிறார். வரிசை கோணலாகப் போகிறதாம். கூட நடுகிறவர்கள் கேலி செய்கிறார்களாம். இதையும் அவரே சிரித்துக்கொண்டு போனில் சொன்னார்.

கம்பெனியில் உறுதிமொழியை நான் சொல்வதை விட்டுவிட்டேன். தேன்கனிக்கோட்டைக்காரரைச் சொல்லச் சொல்லிவிட்டேன். அவர் குறைந்த கையை நீட்டிக்கொண்டு முன்னால் நின்று சொல்கிறார், நான் கடைசி வரிசையில் நின்று திருப்பிச் சொல்கிறேன். பக்கத்தில் நிற்பவரின் விரல்களையும் காப்பேன் என்கிற இடத்தில் வாயை மட்டும் அசைக்கிறேன். அவருக்கு அது தெரியும். அவரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன், சட்டைப் பித்தானுக்கு. போங்க மேடம் என்றார்.

போன மாதம் அண்ணி கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரருக்கு மரம் அறுக்கிற வேலை நிரந்தரமாகிவிட்டதாம். போன வாரம் ஒரு கட்டை உருண்டு கால் நகம் பெயர்ந்துவிட்டதாம். கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசிவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று இழுத்துக் கேட்டார்.

"நீங்க அன்னக்கிப் போட்டிருந்தீயளே, அந்த பூட்சு ஒரு சோடி கெடைக்குமா தங்கச்சி? அது நல்ல கெட்டியா இருந்துச்சு."

அளவு கேட்டேன். எட்டு என்றார். அன்றைக்கே வாங்கி பார்சலில் அனுப்பிவிட்டேன். புதியது.